கழுத்தும் தலையும் சேரும் இடம்

பங்குனி, சித்திரை மாதங்களில் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு மெல்லிசைக் குழு வராத இடம் குறைவு. வேனில் பெட்டிகளோடு பெட்டியாக வந்து இறங்கும் கிட்டார், இடைவேளையில் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும். யாரோ ஒருவர் கால் ஒயரில் சிக்கும், கிட்டார் மல்லாந்து விழும். எடுத்துப் பார்த்தால் உடம்பில் கீறல்கூட இருக்காது. தலை மட்டும் ஆறு தந்திகளில் தொங்கிக்கொண்டிருக்கும். இப்படி உடைந்த கிட்டார்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் உடைந்த இடம் ஒன்றேதான். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இரண்டு விரற்கடை.

அந்த இடத்தை எப்படிச் செய்வது? கழுத்தையும் தலையையும் ஒரே கட்டையில் இழைத்து எடுப்பதா, தலையைத் தனியாக அறுத்துப் பொருத்துவதா? தந்தி வாத்தியம் செய்கிற எல்லா நாட்டுத் தச்சர்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். கேட்டவுடன் நம் வாயில் வரும் பதில், ஒரே கட்டைதான் உறுதி என்பது. ஒட்டு என்றாலே நமக்கு ஓர் இளக்காரம். ஒட்டுப்போட்ட வேட்டி, ஒட்டுப்போட்ட சைக்கிள் டியூப் என்று அந்தச் சொல் வறுமையோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ஒட்டு மாம்பழத்துக்கு மட்டும்தான் மரியாதை. வாத்தியத் தச்சில் ஒட்டுக்கு அந்த மாம்பழத்துக்குரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்பதற்கு உறுதியான காரணங்கள் இருக்கின்றன.

விறகு பிளந்தவர்களுக்கு முதல் காரணம் தெரியும். கோடரி நார் ஓடும் திசையில் இறங்கினால் கட்டை இரண்டாகப் பிளந்து விழும். குறுக்கே இறங்கினால் கோடரிதான் மாட்டிக்கொள்ளும். மரத்தின் வலு முழுவதும் நாரின் நீளத்தில் இருக்கிறது. நாருக்கும் நாருக்கும் இடையில் உள்ள பிடிப்பு அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

கிட்டாரின் தலை கழுத்தின் நேர்கோட்டில் இருப்பதில்லை. கழுத்தின் நுனியில் தந்தியைத் தாங்கும் நட்டின் மேல் அது அழுந்தி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அதிரும்போது துள்ளும். அதற்காகத் தலையைச் சுமார் 13 முதல் 17 டிகிரி வரை பின்னோக்கிச் சாய்க்கிறார்கள். ஒரே பலகையில் இதை அறுத்தால் கழுத்தில் நார் நேராக ஓடும். தலை மட்டும் சாய்ந்திருப்பதால் அங்கே நார் குறுக்காக வெட்டுப்பட்டு வெளியே வந்துவிடும். 15 மில்லிமீட்டர் கனமுள்ள தலையில் 15 டிகிரி சாய்வு என்றால், ஒவ்வொரு நாரும் ஆறு சென்டிமீட்டருக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் முடிந்துபோகும். தலையின் முழு நீளத்துக்கும் ஓடுகிற நார் ஒன்றுகூட இருக்காது. ஸ்டீல் தந்தி கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருக, பல கிட்டார்களில் அதே இடத்தில்தான் மரத்தைக் குடைந்து பள்ளம் வைக்கிறார்கள். பிளக்கத் தயாராக இருக்கும் விறகுக்கு விழுகிற அடி ஒரு சாக்குதான்.

அமெரிக்காவின் கிப்சன் கம்பெனிக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். அவர்களுடைய பழைய கிட்டார்களில் தலை 17 டிகிரி சாய்ந்திருந்தது. 1960களின் நடுவில் அதை 14 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கழுத்தின் பின்புறத்தில் அந்த இடத்தில் மட்டும் ஒரு புடைப்பை விட்டுக் கனம் கூட்டினார்கள். இன்னொரு கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1950-இல் வேறு வழி பிடித்தார். சாய்வே வேண்டாம் என்று, தட்டையான மேப்பிள் பலகையில் கழுத்தையும் தலையையும் ஒரே மட்டத்தில் அறுத்தார். நார் நுனிவரை நேராக ஓடியது. தந்தி எழும்பாமலிருக்கத் தலையில் ஒரு சிறு கொக்கி போதுமானதாக இருந்தது. எளிய தீர்வு, ஆனால் சாய்ந்த தலைக்குப் பழகிய கையும் கண்ணும் அதை எல்லா கிட்டாருக்கும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இவர்கள் இருவருக்கும் முன்பே கைத்தச்சர்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. கழுத்துக் கட்டையை 15 டிகிரி சாய்வில் குறுக்கே அறுத்துவிடுவார்கள். அறுத்த துண்டைப் புரட்டிப் போட்டுக் கழுத்தின் சாய்ந்த முகத்தோடு சேர்த்தால் தலை தானாகப் பின்னோக்கிச் சாய்ந்துவிடும். இப்போது கழுத்தின் நார் கழுத்தின் நீளத்தில் ஓடுகிறது, தலையின் நார் தலையின் நீளத்தில் ஓடுகிறது. இரண்டிலும் குறுக்கே வெட்டுப்பட்ட நார் இல்லை. 20 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டையை நேராக அறுத்தால் ஒட்டுவதற்குக் கிடைக்கும் முகமும் 20 மில்லிமீட்டர்தான். அதே கட்டையை 15 டிகிரியில் அறுத்தால் அந்த முகம் 77 மில்லிமீட்டராக நீள்கிறது. ஏறக்குறைய நான்கு மடங்கு. அதுவும் நார் ஓட்டத்தோடு படுத்த முகம் என்பதால் பசை ஆழமாகப் பிடிக்கும். சரியாகப் பொருந்திய அத்தகைய ஒட்டை வலிந்து உடைத்தால் பெரும்பாலும் பக்கத்து மரம்தான் கிழியும், ஒட்டு நிற்கும்.

மரமும் மிச்சமாகிறது. சாய்ந்த தலையோடு ஒரே கட்டையில் கழுத்து எடுக்க ஏழு சென்டிமீட்டர் கனமுள்ள கட்டை வேண்டும். அதில் பெரும்பகுதி சீவலாகவும் துண்டாகவும் தரையில் கிடக்கும். ஒட்டுக் கழுத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் பலகை போதும். நல்ல வைரமுள்ள மரம் அரிதாகிவரும் நாளில் இதைச் சாதாரணச் சிக்கனம் என்று தள்ளிவிட முடியாது.

சாய்வு ஒட்டைவிடக் கடினமானது ஆப்பு வடிவ ஒட்டு. தலையின் அடியில் கூரிய நாக்கு ஒன்றைச் செதுக்கி, கழுத்தின் நுனியில் அதே அளவில் வெட்டிய பிளவுக்குள் இறக்குவது. ஜெர்மானியத் தச்சர் ஹெர்மன் ஹவுசர் தன் கிட்டார்களில் இப்படித்தான் தலையைப் பொருத்தினார். அவர் 1937-இல் செய்த கிட்டாரைத்தான் கிட்டார் கலைஞர் அந்திரேஸ் செகோவியா பல ஆண்டுகள் மேடைகளில் வாசித்தார். இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து குடியேறி 1833-இல் அமெரிக்காவில் கம்பெனி தொடங்கிய மார்ட்டினும் இதே ஒட்டைக் கொண்டுவந்தார். பின்னாளில் அந்தக் கம்பெனி ஒரே கட்டைக் கழுத்துக்கு மாறிவிட்டது. ஆனால் டி-28 போன்ற கிட்டார்களின் கழுத்துக்குப் பின்னால், தலை தொடங்கும் இடத்தில், வைர வடிவில் ஒரு மேடு இன்றும் இருக்கிறது. பழைய ஒட்டு இருந்த இடத்தின் தழும்பு அது. ஒட்டு போன பிறகும் அதன் வடிவத்தைச் செதுக்குவதை நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை.

மதுரைச் சமவெளியில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு பழைய தீர்வு இருந்தது. அது இசையில் பிறந்ததல்ல, உழவில் பிறந்தது. நாட்டுக் கலப்பை வளைந்த மரம். நேரான கட்டையை வாய்ச்சியால் வளைவாகச் செதுக்கினால் வளைவில் நார் அறுந்துபோகும். முதல் உழவிலேயே கல்லில் மாட்டி முறியும். அதனால் ஊர் ஆசாரி கருவேல மரத்தில் ஏற்கெனவே வளைந்து வளர்ந்த கிளையாகத் தேடி எடுப்பார். மரம் வளைந்த இடத்தில் நாரும் கூடவே வளைந்திருக்கும். ஏர்க்காலைத் துளையில் நுழைத்து ஆப்பு அடித்து இறுக்குவார். ஆக ஒரே கலப்பையில் இரண்டு ஞானமும் இருக்கின்றன: வளைவு தேவைப்பட்ட இடத்தில் மரத்தின் சொந்த வளைவு, கோணம் தேவைப்பட்ட இடத்தில் ஒட்டு. ஒரே கட்டை, ஒட்டுக் கட்டை என்று அவர் கட்சி பிரிக்கவில்லை. நார் எங்கே ஓடுகிறது என்று மட்டும் பார்த்தார்.

ஒரே கட்டை மேல் நமக்குள்ள பக்திக்கும் இந்த ஊரிலேயே காரணம் தேடலாம். மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூண்களை முதன்முதலாகப் பார்க்கிறவரை அசர வைப்பது, அந்தச் சிறு தூண்களின் கொத்து முழுவதும் ஒரே கல்லில் செதுக்கியது என்ற செய்திதான். அது கல்லுக்கு நியாயம். அதே கோயிலின் தேர் சித்திரையில் மாசி வீதிகளில் அசைந்து வரும்போது, அத்தனை பாரத்தையும் தாங்குவது கழுந்தும் துளையுமாகக் கோத்த மரச்சட்டங்கள். அந்தத் தேரை ஒரே மரத்தில் செய்ய யாரும் ஆசைப்பட்டதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நேரடியாக எழுவது வீணையில். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு இன்றைய உருவம் பெற்ற வீணை, 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. பலா மரத்தில் செய்யும் இந்த வீணையில் இரண்டு வகை. குடம், தண்டி, தலை மூன்றையும் ஒரே கட்டையில் குடைந்து எடுத்தால் ஏகாந்த வீணை. மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. விலையிலும் மதிப்பிலும் ஏகாந்தம் ஒரு படி மேல். ஆந்திரத்தில் பொப்பிலி வீணையும் ஒரே கட்டையில் குடைவதற்குப் பெயர் பெற்றது.

இந்த மதிப்பு நியாயமானதா? பாதி நியாயம் என்றுதான் சொல்ல வேண்டும். குடத்திலிருந்து தண்டிக்கு அதிர்வு தடையில்லாமல் போவது ஏகாந்தத்தின் பலம் என்று வைணிகர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. குடமும் தண்டியும் சேரும் இடம் வீணையின் இடுப்பு மாதிரி. தந்திகளின் இழுப்பு அங்கேதான் தண்டியை மேல்நோக்கி வளைக்கப் பார்க்கும். அந்த ஒட்டு ஒரு மயிரிழை இளகினாலும் தந்தியின் உயரம் மாறி, மெழுகில் பதித்த மெட்டுகளின் கணக்கு தப்பிவிடும். மெட்டுகளை மறுபடி பதிக்க, அதாவது மேளம் கட்ட, வேண்டியதுதான்.

தலைப்பக்கம் கதை வேறு. வீணையில் தந்திகள் அவற்றை முறுக்கும் பிரடைகளோடு நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் கீழ்நோக்கிச் சுருண்டு இறங்கும் யாளிக்கு அந்த இழுப்பு எட்டுவதே இல்லை. கிட்டாரில் சாய்ந்த தலைதான் எழுபது கிலோவையும் தாங்குகிறது. வீணையின் வளைந்த தலையோ தன் எடையை மட்டும் தாங்குகிறது. ஆகவே யாளி ஒட்டுப்போட்டது என்பதற்காக ஒரு வீணையைத் தாழ்த்துவதற்குப் பொருளில்லை. பார்க்க வேண்டிய ஒட்டு மறுமுனையில் இருக்கிறது. அங்கே ஓரப்பட்டிகளின் அழகில் கண் போய்விடுவதால் வாங்குகிறவர் அதைப் பார்ப்பதில்லை.

மதுரைக்கு வீணை அந்நியமானதல்ல. எம்.எஸ். சுப்புலட்சுமியின் தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பத்து வயதில், 1926-இல், எம்.எஸ். பாடிய முதல் இசைத்தட்டில் உடன் ஒலித்தது தாயின் வீணைதான். கிழக்கே காரைக்குடியில் வீணைச் சகோதரர்களில் மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையை மடியில் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். தெற்கே எட்டயபுரத்தில் 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் வீணையில் யாளி கீழே பார்க்காமல் மேல்நோக்கி இருந்தது என்று அவருடைய வரலாற்றில் சொல்வார்கள். கங்கையில் கிடைத்த வீணை என்பது அதோடு சேர்ந்த கதை. கதை எப்படியோ, தலையின் கோணம் மக்கள் கவனித்துப் பேசுகிற விஷயமாக இருந்திருக்கிறது.

தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்வான். ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுகிறவர். அவர் வயலின் பழகிய அதே காலகட்டத்தில் ஐரோப்பியப் பட்டறைகளில் ஒரு பெரிய அறுவை நடந்துகொண்டிருந்தது. கச்சேரி அரங்குகள் பெரிதாகின, கூடுதல் ஒலி தேவைப்பட்டது. அதற்குக் கழுத்து நீளவும் இன்னும் சாயவும் வேண்டியிருந்தது. ஸ்ட்ராடிவாரி போன்றவர்களின் வயலின்களில் பழைய கழுத்தை எறிந்துவிட்டார்கள். ஆனால் சுருள் தலையை எறியவில்லை. அது செய்தவரின் கையெழுத்து. பழைய தலையை அறுத்தெடுத்து, பிரடைப் பெட்டியின் உட்புறத்தை ஆப்பு வடிவில் வெட்டி, புதிய கழுத்தின் நுனியை அதற்குள் இறக்கி ஒட்டினார்கள். இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் பழைய இத்தாலிய வயலின்களில் பெரும்பாலானவை இந்த ஒட்டோடுதான் வாசிக்கப்படுகின்றன. யாரும் அவற்றை ஒட்டு வயலின் என்று குறைத்துப் பேசுவதில்லை.

இன்னும் பின்னே போனால் யாழ். விறகு விற்றவராக வந்து பாணபத்திரருக்காகச் சிவன் யாழிசைத்துப் பாடிய திருவிளையாடல் நடந்த ஊர் மதுரை. யாழுக்கு இந்த ஊரில் தனி உரிமை உண்டு. பொருநராற்றுப்படை யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. அதன் நெடுந்தண்டு தலைதூக்கிய பாம்பு போல இருக்கிறதாம். துளையை அடைக்கும் ஆணிகள் வளையிலிருந்து எட்டிப் பார்க்கும் நண்டின் கண் போல இருக்கின்றனவாம். துளையின் விளிம்பு தெரியாதபடி ஆணித்தலை உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கண் அது. வாத்தியத்தின் இணைப்பை இவ்வளவு கிட்டே போய்ப் பார்த்த புலவர் எந்த மொழிக்கும் பெருமை. விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947-இல் வெளிவந்த பிறகு யாழ் மறுபடி பேச்சுக்கு வந்தது. அண்மையில் அதைக் கையில் எடுத்தவர் ஒரு கிட்டார் தச்சர்: மதுரையைச் சேர்ந்த தருண் சேகர். சென்னையில் ‘உரு’ என்ற பெயரில் வாத்தியங்கள் செய்யும் அவர், தான் செய்த யாழை வைத்து 2021-இல் ‘அழகி’ என்ற பாடலையும் வெளியிட்டார். கிட்டார் கழுத்து செய்து பழகிய கை யாழின் தண்டுக்குப் போனது இயல்பான வழிதான்.

இனி அந்த ஒட்டு கையால் எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கட்டையின் பக்கவாட்டில் சாய்கோட்டைப் பென்சிலால் அல்ல, கத்தி முனையால் கீற வேண்டும். பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு, கத்திக் கோட்டுக்கு இல்லை. நுண்பல் ரம்பத்தைக் கோட்டுக்கு ஒரு நூல் வெளியே ஓட்டி அறுக்க வேண்டும். பிறகு தலைத்துண்டைக் கழுத்தின் மேல் பின்தள்ளி அடுக்கினால் இரண்டு சாய்வுகளும் சேர்ந்து ஒரே சரிவாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் கவ்வி, கூர் தீட்டிய இழைப்புளியால் ஒரே இழைப்பில் சீவ வேண்டும். சீவல் இரண்டு துண்டுகளின் மேலும் அறுபடாமல் சுருண்டு வந்தால் மட்டம் சரி. ஒரு முகத்தில் சுண்ணக்கட்டி தேய்த்து மற்றதை அழுத்தினால், சுண்ணம் ஒட்டாத இடம் பள்ளம். உளியால் மேட்டைத் தட்ட வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். ஒட்டப்போகும் முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது என்று கைத்தச்சர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். தாள் விளிம்பை உருட்டிவிடும், பிறகு வெளியே ஒரு கோடு கறுப்பாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

கடைசியில் வரும் தொல்லை வழுக்கல். பசை தடவிய சாய்முகங்களைக் கவ்வியில் இறுக்கினால் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். நான்கைந்து கல்லுப்புத் துகள்களைப் பொடித்துப் பசையில் தூவுவது இதற்குக் கைகண்ட வழி. துகள் இரண்டு முகங்களிலும் பதிந்து பிடித்துக்கொள்ளும், பிறகு பசையின் ஈரத்தில் கரைந்துவிடும்.

பசை எது என்பது மதுரைக்கு முக்கியமான கேள்வி. அந்தக் காலத் தச்சர்கள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தை இரவில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிச் சூட்டோடு தடவினார்கள். அது ஆறும்போது இறுகி, இரண்டு மரத்தையும் உள்ளே இழுக்கும். ஈரமும் சூடும் சேர்த்துக் காட்டினால் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் நூறு வருட வாத்தியத்தையும் மரம் கிழியாமல் பிரித்துச் சரிசெய்ய முடிகிறது. இன்று கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை வேலையை எளிதாக்கிவிட்டது, பிடிப்பும் பலம். ஆனால் தொடர்ந்து சூடு பட்டால் அது இளகும். வெயில் 40 டிகிரியைத் தொடும் மே மாதத்தில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டுப் போனால், எழுபது கிலோ இழுப்பில் ஒட்டு மெல்ல நகரும். வச்சிரத்துக்கு வறண்ட சூடு அவ்வளவாகப் பொருட்டில்லை, அதன் எதிரி ஐப்பசி, கார்த்திகை மாதத்து ஈரம். இந்த ஊருக்கு எது நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. வாத்தியம் எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே கட்டைக் கழுத்துக்காக வாதாட இடம் உண்டு. அளவாகச் சாய்ந்த தலை, நார் பார்த்துத் தேர்ந்த கட்டை, கனம் குறைக்காத பின்புறம் ஆகிய மூன்றும் இருந்தால் அது தலைமுறை தாண்டும். தொழிற்சாலையில் எந்திரம் அறுத்த ஒட்டு அவசரத்தில் இறுக்கப்பட்டிருந்தால், அதைவிட ஒரே கட்டையே மேல். மலிவான கிட்டார்களில் ஒட்டுக் கழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒட்டு என்றால் மட்டம் என்ற எண்ணம் வாங்குகிறவர் மனத்தில் ஊறியது. ஒட்டின் தரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒட்டையே குற்றம் சொல்லிவிட்டோம். கடையில் கிட்டாரைத் திருப்பிக் கழுத்தின் பின்பக்கம் குறுக்கே ஓடும் மெல்லிய கோட்டைப் பார்த்ததும் கீழே வைத்துவிடுகிற இளைஞர்கள், அந்தக் கோட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

திருவிழா மேடையில் விழுந்த அந்தக் கிட்டாருக்கும் நகம்தான் கடைசிப் பரிசோதனை. உடைந்த முகம் நார் வழியே நீளமாகக் கிழிந்திருந்தால் ரிப்பேர் செய்பவர் முகத்தில் தெளிவு வந்துவிடும். ஒட்ட நிறைய இடம் இருக்கிறது. சிராய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் படுக்க வைத்து ஒட்டுவார். காய்ந்த பிறகு கழுத்தின் பின்புறத்தில் ஒட்டைக் கடந்து இரண்டு நீளப் பள்ளங்கள் வெட்டி, நார் நேராக ஓடும் வைரமரக் குச்சிகளை அவற்றுக்குள் இறக்குவார். கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த இரண்டு விரற்கடையில் இல்லாத நீள நார் இப்போது வந்துவிட்டது. மறுநாள் மேற்பரப்பை இழைத்து, மெருகு பூசி, ஒரு நேரத்துக்கு ஒரு தந்தியாக ஏற்றுவார். ஒவ்வொரு தந்தி சுருதிக்கு வந்ததும் கீயை விட்டுவிட்டு, கழுத்தின் பின்னால் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டுவார். ஆறாவது தந்தியும் ஏறிய பிறகு நகம் எங்கும் தட்டவில்லை என்றால், அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு அது வேனில் ஏறலாம்.